முதல் வேலையின் முதல் ஆண்டு: ஆர்வம் வற்றாமல் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடி மாதத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் ஐப்பசிக்குள் வாடிப்போவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தொழிற்பேட்டையில், வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலையொன்றின் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். ஐ.டி.ஐ. முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், பொறியியல் பட்டதாரிகள் என்று ஒவ்வோர் ஆண்டும் புதிய முகங்கள் வருகின்றன. சேர்ந்த அன்று அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புகிற அதே பிள்ளைகள், மூன்று மாதம் கழித்துக் கேன்டீன் மூலையில் என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள்: "எனக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது சார்."

அதை நான் ஏற்பதில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, இருட்டில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்க்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று எந்த வாயால் சொல்வது? அவனுக்குள் ஏதோ ஒன்று பட்டினி கிடக்கிறது. எது என்று கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தால், பெரும்பாலும் அதற்கு வேண்டியதைத் தேடிக் கொடுக்கவும் முடியும். அந்த வேலையைப் படிப்படியாகச் செய்வது எப்படி என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. ஆலை, ஐ.டி. அலுவலகம், ஜவுளிக்கடை, மருத்துவமனை என்று எங்கே முதல் வேலை கிடைத்திருந்தாலும் இது பொருந்தும். உதாரணங்கள் மட்டும் நான் அறிந்த ஆலையிலிருந்து அதிகம் வரும்.

தொடங்குமுன்: மனம் கேட்கும் மூன்று

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் இந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர்கள். அவர்கள் வகுத்ததைச் சுயநிர்ணயக் கோட்பாடு என்கிறார்கள். சுயநிர்ணயம் என்றவுடன் நமக்கு அரசியல் மேடைதான் நினைவுக்கு வரும். இங்கே அது, ஒருவர் தான் செய்யும் செயலைத் தன்னுடையதாக உணர்வதைக் குறிக்கிறது.

உடலுக்குச் சோறும் தண்ணீரும் தூக்கமும் போல, மனத்துக்கும் மூன்று தேவைகள் உண்டு என்கிறார்கள் அவர்கள். ஒன்று தன்முடிவு: இதை நான் ஏற்றுத்தான் செய்கிறேன் என்ற உணர்வு. இரண்டாவது கைத்தேர்ச்சி: இந்த வேலை எனக்குக் கைவருகிறது, நேற்றைவிட இன்று மேல் என்ற உணர்வு. மூன்றாவது ஒட்டுறவு: இங்கே என்னை ஓர் ஆளாக மதிக்கிறார்கள், ஒரு நாள் வராவிட்டால் விசாரிப்பார்கள் என்ற உணர்வு. இந்த மூன்றும் கிடைக்கும் இடத்தில் ஆர்வம் தானாக வளர்கிறது. ஒன்று வற்றினாலும் நோஞ்சானாகிறது.

இதில் டெசியின் பழைய சோதனை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1971இல் வெளியானது. சோமா என்ற கனசதுரப் புதிர்க் கட்டைகளைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு இடையில் ஒரு நாள் மட்டும், விடுவித்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் தந்தார். இன்னொரு பிரிவுக்குப் பணம் கிடையாது. பிறகு ஏதோ காரணம் சொல்லி அறையை விட்டு வெளியேறி, எட்டு நிமிடம் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். மேசையில் பத்திரிகைகள் கிடந்தன. எதை வேண்டுமானாலும் செய்யலாம். பணம் கொடுப்பது நின்ற பிறகு, முன்பு பணம் வாங்கியவர்களுக்குப் புதிரின் மேல் இருந்த நாட்டம் குறைந்திருந்தது. பணமே வாங்காதவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. விளையாட்டாகத் தொட்ட கட்டை, கூலிக்குத் தொட்ட கட்டையாகிவிட்டது.

இதை வைத்துச் சம்பளம் முக்கியமில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த மாணவர்கள் வீட்டு வாடகைக்காகப் புதிர் போடவில்லை. சோதனை சொல்வது ஒன்றுதான்: "யாருக்காக, எதற்காகச் செய்கிறேன்" என்ற எண்ணம் மாறினால் வேலையின் சுவையே மாறிவிடுகிறது. ஆகவே நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: வேலைக்குப் போகும் காரணங்களை எழுதுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில், "நான் ஏன் இந்த வேலைக்குப் போகிறேன்?" என்று எழுதி, அதன் கீழே உண்மையான காரணங்களை எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்பதால் நேர்முகத் தேர்வில் சொன்ன பதில்கள் இங்கே வேண்டாம்.

எழுதியதும் ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் அதன் இடத்தைக் குறியுங்கள். டெசியும் ரயனும் காரணங்களை ஓர் ஏணியாகப் பார்க்கிறார்கள். ஏணிக்குக் கீழே தரையில், ஏன் போகிறோம் என்றே தெரியாத நிலை. முதல் படியில் பணமும் பயமும்: "போகாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள்." அடுத்தது வெட்கமும் குற்றவுணர்வும்: "வேலையை விட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" அதற்கு மேலே, பயனை அறிந்து ஏற்பது: "இரண்டு வருடம் இங்கே இருந்தால், கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தைக் கற்றுக்கொள்வேன்." அதற்கும் மேலே, இந்த வேலை நான் வாழ நினைக்கும் வாழ்க்கையின் பகுதி என்ற நிலை. உச்சியில், செய்வதே இன்பம்.

யாரும் எப்போதும் உச்சியில் நிற்பதில்லை. பெரும்பாலானவர்களின் பட்டியலில் எல்லாப் படிகளும் கலந்தே இருக்கும். என் கவலையெல்லாம் இரண்டாம் படியைப் பற்றித்தான். "நாலு பேர்" என்ற அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் நம் பிள்ளைகளை விரட்டுகிற அளவுக்கு எந்த மேலாளரும் விரட்டுவதில்லை. வெளியே யாரும் மிரட்டவில்லை, ஆனாலும் உள்ளே ஒரு குரல் மிரட்டிக்கொண்டே இருக்கிறது. இப்படி உழைப்பவர்கள் கடுமையாக உழைப்பார்கள், ஆனால் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள்.

குடும்பத்துக்காக வேலைக்குப் போவது தாழ்ந்த காரணமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லவே இல்லை. தன்முடிவு என்றால் தனித்து நிற்பது என்று பொருள் கிடையாது. தென் கொரியா, ரஷ்யா, துருக்கி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் மாணவர்களிடம் ரயன் குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகச் சொல்கிறது. குடும்பத்தையும் சுற்றத்தையும் முன்வைக்கும் பழக்கங்களைக்கூட ஒருவர் மனமார ஏற்றுச் செய்ய முடியும். அப்படிச் செய்கிறவர்களின் மனநலமும் நன்றாக இருக்கிறது.

என் பிரிவில் ஒரே தொகையை வீட்டுக்கு அனுப்பும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்திக்கு மாதத்தின் முதல் தேதி காலையிலேயே அப்பாவின் அழைப்பு வந்துவிடும். அழைப்பை எடுக்குமுன்பே அவள் முகம் சுருங்கும். இன்னொருத்தி, தம்பியின் பாலிடெக்னிக் கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்று அவளாகவே வீட்டில் சொன்னவள். கட்டண ரசீதைத் தம்பி அனுப்ப, அதைச் செல்போனில் பத்திரமாக வைத்திருந்தாள். அனுப்பும் பணம் ஒன்றுதான். ஒருத்திக்கு அது பிடித்தம், மற்றவளுக்கு அது பெருமை.

முதலாமவளுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவுடன் உட்கார்ந்து பேசுங்கள். எவ்வளவு, எந்தத் தேதி, எந்தச் செலவுக்கு, எத்தனை காலம் என்ற நான்கையும் பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் கையில் ஒரு தொகை நிற்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கேட்டு வாங்கப்படும் பணம், நீங்கள் முடிவு செய்து கொடுக்கும் பணமாக மாறும். வேலையின் மேல் இருக்கும் கசப்பில் பாதி இந்த ஒரு பேச்சில் கரைவதைப் பார்த்திருக்கிறேன். பேச்சு எளிதாக இருக்காது. சில வீடுகளில் இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கும்.

படி 2: அடித்தளத்தைச் சரிபாருங்கள்

சம்பளமும் தூக்கமும் சரியில்லாத இடத்தில் ஆர்வத்தைப் பற்றிப் பேசுவது அநியாயம். பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959இலேயே இதைச் சொன்னார்: சம்பளம், பணிச்சூழல் போன்றவை குறைந்தால் வெறுப்பு வரும், அவை சரியாக இருப்பதால் மட்டும் ஆர்வம் வந்துவிடாது. முதலில் வெறுப்புக்கான காரணங்களை அகற்றுவோம்.

பணி ஆணையை எடுத்து, நீங்கள் யார் என்று பாருங்கள். நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தத் தொழிலாளரா, அப்ரண்டிஸா? 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருகிறவர் பயிற்சியாளர். தொழிலாளராகக் கருதப்பட மாட்டார். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இதை அறியாமல் ஓராண்டு காத்திருந்து உடைந்துபோனவர்கள் ஏராளம். முதல் வாரத்திலேயே எச்.ஆர். பிரிவில் கேட்டுவிடுங்கள்.

சம்பளச் சீட்டைப் படியுங்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் உங்கள் பங்காக 12 சதவீதம் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக் கணக்குக்குப் போகும், நிறுவனமும் தன் பங்கைச் செலுத்த வேண்டும். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு; உங்கள் பிடித்தம் 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். ஆலையில் மிகுநேர வேலைக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடைப் பெண்கள் பகல் முழுக்கக் கால் கடுக்க நின்ற காலத்துக்கு அது தாமதமாக வந்த மருந்து.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் வேலையில் டிப்ளமோ சான்றிதழை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். பதினான்கு மாதம் அது அங்கேயே இருந்தது. அந்த வேலை மோசமான வேலையன்று. லேத்தில் நான் கற்றதெல்லாம் அங்கேதான். ஆனால் அந்த அலமாரியைக் கடந்து போகும்போதெல்லாம் நான் இங்கே இருப்பது என் விருப்பத்தால் அன்று என்ற நினைவு வந்துவிடும். தன்முடிவு பறிபோனால் பிடித்த வேலையும் எப்படிப் பாரமாகிறது என்பதை அந்தப் பூட்டுதான் எனக்குக் கற்பித்தது.

தூக்கம் பற்றி ஒரு வரி: இரவு ஷிப்ட் முடித்துவிட்டுச் செல்போனைப் பார்த்தபடி பகல் பதினொரு மணி வரை விழித்திருக்கிறவர்களின் சோர்வுக்கு, கீழே சொல்லப்போகும் எந்தப் படியும் உதவாது.

படி 3: எது வற்றியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இரண்டு வாரம், தினமும் வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸிலேயே மூன்று வரி எழுதுங்கள். இன்று நானாக முடிவெடுத்த ஒன்று. இன்று கைவந்த ஒன்று அல்லது கற்ற ஒன்று. இன்று என்னிடம் மனிதராகப் பேசிய ஒருவர். எழுத எதுவும் இல்லையென்றால் அந்த வரியில் கோடு போட்டுவிடுங்கள்.

பதினான்கு நாள் கழித்துக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். பையன் ஒருவன் தனக்கு இயந்திர வேலையே ஒத்துவரவில்லை, ஊருக்கே போய்விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் நோட்டில் இரண்டாவது வரி தினமும் நிரம்பியிருந்தது. வேலை அழகாகக் கைவந்திருந்தது. மூன்றாவது வரியில் பதினொரு கோடுகள். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். அறையில் ஆறு பேர், ஆளுக்கொரு ஷிப்ட். ஒருவன் வரும்போது மற்றவன் தூங்குவான். இரண்டு வாரமாக அவன் யாரிடமும் முழுதாகப் பேசவே இல்லை. இயந்திரத்தை மாற்றியிருந்தால் அவன் துயரம் தீர்ந்திருக்காது. ஷிப்டை மாற்றினோம், தீர்ந்தது.

எந்த வரியில் கோடு அதிகமோ, கீழே அந்தப் படிக்கு நேராகப் போங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முனைந்தால் ஒன்றும் நடக்காது.

படி 4: கைத்தேர்ச்சி வற்றியிருந்தால்

புதியவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் சின்ன வேலை. சின்ன வேலையில் கற்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக, ஆய்வு மேசையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

டிப்ளமோ முடித்த பெண். பிளக் கேஜால் துளையைச் சரிபார்ப்பது அவள் வேலை. உருளை வடிவக் கருவி அது. ஒரு முனை 'கோ', துளைக்குள் போக வேண்டும். மறுமுனை 'நோகோ', போகக் கூடாது. போனால் இந்தத் தட்டு, போகாவிட்டால் அந்தத் தட்டு. ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள். இரண்டாம் மாதத்தில், "என் படிப்பு வீண் சார்" என்றாள்.

ஒரு மதிய வேளையில் அவளைப் பொருத்தும் வரிசைக்கு அழைத்துப்போய், அவள் சரிபார்த்த துண்டுக்குள் தண்டு எப்படி உட்காருகிறது என்று காட்டினேன். சற்றே தளர்ந்த துளையில் தண்டு ஆடுவதைக் கையில் பிடித்து உணரச் செய்தேன். திரும்பி வந்தவள், கேஜ் உள்ளே போகும்போது விரலுக்குத் தெரியும் இறுக்கத்தைக் கவனிக்கத் தொடங்கினாள். ஒரு தாளில் குறித்தும் வந்தாள். துளையைக் குடையும் இயந்திரத்தில் புதிய டூல் (வெட்டும் கருவி) மாட்டியதும் கோ முனை வழுக்கிக்கொண்டு போகிறது. நேரம் ஆக ஆக இறுகுகிறது. ஏன் என்று இயந்திரம் ஓட்டும் அண்ணனிடம் கேட்டாள். டூலின் முனை தேயத் தேயத் துளை சிறுக்கும் என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து, துண்டு கழிவாவதற்கு முன்பே அவள் குரல் கொடுப்பாள்: "அண்ணா, இறுக ஆரம்பித்துவிட்டது." அவர் ஆஃப்செட்டை, அதாவது தேய்மானத்தை ஈடுகட்டும் அளவை, மாற்றுவார். வேலை அதேதான், கேஜும் அதேதான். தட்டில் போடுகிறவளாக இருந்தவள் இயந்திரத்தின் நாடி பார்க்கிறவளாகிவிட்டாள்.

இதை நீங்கள் எப்படிச் செய்வது? முதலில், உங்கள் கையிலிருந்து போகும் வேலை அடுத்து எங்கே போகிறது என்று ஒரு முறையாவது கண்ணால் பாருங்கள். பில் போடுகிறவர் கணக்குப் பிரிவைப் பாருங்கள். மென்பொருளைச் சோதிக்கிறவர், அதைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர் அனுப்பிய புகாரைப் படியுங்கள். அடுத்து, உங்கள் வேலையில் எண்ணக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து எண்ணிக்கொண்டே வாருங்கள். எத்தனை பிழை, எவ்வளவு நேரம், எந்த நாளில் அதிகம் என்று எண்ணினால் போதும். நேற்றைய உங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். மூன்றாவதாக, வாரம் ஒரு கேள்வி: உங்கள் வேலையை உங்களைவிட நன்றாகச் செய்கிறவரிடம் போய், "நான் செய்வதை ஐந்து நிமிடம் பார்த்து, எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள் அண்ணா" என்று கேளுங்கள். "நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எதை மாற்ற வேண்டும் என்று கேட்டால்தான் பதில் வரும்.

பிழை செய்துவிட்டால் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். மறைத்த பிழை மறுநாள் உங்கள் கையை நடுங்க வைக்கும். நடுங்கும் கையில் தேர்ச்சி வராது.

படி 5: தன்முடிவு வற்றியிருந்தால்

முதல் ஆண்டில் எதைச் செய்வது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. எப்படி, எந்த வரிசையில், எதை எங்கே வைத்து என்பதில் கொஞ்சம் இடம் இருக்கும். அந்த இடத்தைப் பிடியுங்கள்.

கேட்கும் விதம் முக்கியம். "எனக்கு வேறு வேலை கொடுங்கள்" என்று போய் நிற்பவருக்கு, "முதலில் இதைச் செய்" என்பதுதான் பதிலாக வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சார், இந்த ரேக்கை அடுக்கும் முறையை ஒரு வாரம் மாற்றிப் பார்க்கலாமா? சரிவராவிட்டால் பழையபடியே வைத்துவிடுகிறேன்." சின்ன மாற்றம், ஒரு கெடு, பின்வாங்கும் வழி. இந்த மூன்றும் இருந்தால் மறுக்கிற மேலாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. பாதுகாப்பு விதிகளிலும், தாளில் எழுதப்பட்ட செய்முறையிலும் மட்டும் எதையும் நீங்களாக மாற்றக் கூடாது. அங்கே யோசனையை எழுதிக் கொடுங்கள்.

வேலையின் பொருளையும் ஓரளவு நீங்களே வரையலாம். ஏமி ரெஸ்நெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் எழுதிய கட்டுரையில், அமெரிக்க மருத்துவமனையொன்றின் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். சிலர் தரையைத் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். சிலரோ நோயாளிகள் குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருப்பதாகக் கருதி, நோயாளிகளோடும் வந்தவர்களோடும் பேசி, செவிலியரின் வேலை ஓட்டத்துக்கு ஏற்பத் தங்கள் வேலையை அமைத்துக்கொண்டார்கள். பதவியின் பெயர் இருவருக்கும் ஒன்று. இதைப் படித்த பிறகு, எங்கள் ஆலையைப் பெருக்கும் அக்காவிடம் தரையில் எண்ணெய் கசியும் இடங்களை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி புதியவர்களுக்குச் சொல்கிறேன். இயந்திரத்தின் கசிவு அவருக்குத்தான் முதலில் தெரியும்.

படி 6: ஒட்டுறவு வற்றியிருந்தால்

முதல் மாதத்திலேயே உங்களைச் சுற்றி வேலை பார்க்கும் பத்துப் பேரின் பெயரையும் ஊரையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்து இயந்திரத்தில் நிற்பார்கள். அவர்களுக்கும் இது வீட்டை விட்டு வந்த முதல் வேலையாக இருக்கலாம். நாலு வார்த்தை இந்தி நீங்கள் கற்று, நாலு வார்த்தை தமிழ் அவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது உங்கள் கல்லூரிக் கூட்டத்தை விட்டுவிட்டு, மூத்தவர் ஒருவரோடு சாப்பிடுங்கள். டிபன் பாக்ஸ் திறக்கும் நேரத்தில் கிடைக்கும் பாடம் பயிற்சி வகுப்பில் கிடைக்காது.

நாலு பேர் முன்னால் திட்டு வாங்கினால், அங்கேயே பதில் பேச வேண்டாம். ஷிப்ட் முடிந்ததும் தனியாகப் போய், "பிழை என்னுடையதுதான் சார். அடுத்த முறை தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் திருத்திக்கொள்ள எனக்கு உதவியாக இருக்கும்" என்று சொல்லுங்கள். பலர் மாறிவிடுவார்கள். மாறாதவர்களும் உண்டு.

சாதி கேட்டு ஒதுக்குவது, பெண்களிடம் அத்துமீறுவது, கை ஓங்குவது போன்றவை ஊக்கக் குறைவுக் கணக்கில் சேராதவை. அவற்றைப் பொறுத்துக்கொள்ளப் பழகாதீர்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லை பற்றி விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை எங்கே இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே பார்த்துவையுங்கள்.

படி 7: எப்படிப் பார்த்தாலும் சலிப்பூட்டும் வேலை என்றால்

சில வேலைகள் உண்மையிலேயே சலிப்பானவை. டெசியும் தோழர்களும் 1994இல் வெளியிட்ட சோதனையில், கணினித் திரையில் ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் ஒரு விசையைத் தட்டும் வேலையைக் கொடுத்தார்கள். அதைவிட அலுப்பான வேலை உண்டா? ஆனாலும் மூன்று உதவிகள் அந்த வேலையைச் சிலர் தமதாக ஏற்கச் செய்தன: இதைச் செய்வதன் காரணத்தைச் சொல்வது, சலிப்பாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொள்வது, கட்டளைத் தொனியைத் தவிர்த்துத் தேர்வு உங்களுடையது என்று பேசுவது.

மேலாளர்கள் இதைப் படித்தால் அப்படியே பின்பற்றலாம். "சொன்னதைச் செய்" என்பதற்கும், "இது அலுப்பான வேலைதான் தம்பி, இந்தப் பதிவு இல்லாவிட்டால் வாடிக்கையாளர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவார், அதனால் கேட்கிறேன்" என்பதற்கும் ஆகும் நேர வித்தியாசம் பத்து வினாடி. உங்கள் மேலாளர் சொல்லவில்லையென்றால் நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். குறிப்பாக, சலிப்பை ஒப்புக்கொள்ளுங்கள். அலுப்பாக இருக்கிறதே என்று குற்றவுணர்வு கொள்வது அலுப்பை இரட்டிப்பாக்கும். ஐ.டி. நிறுவனங்களில் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதுவே. அவர்கள் அந்த நாள்களில் ஒரு பாடத்தை முடிப்பதாகத் தேதி குறித்துக்கொள்ளட்டும்.

படி 8: ஊக்கத்தொகையை அதன் இடத்தில் வையுங்கள்

வருகைப் போனஸ், உற்பத்தி இன்சென்டிவ் எல்லாம் உழைப்பின் ஊதியம். வாங்குங்கள், கணக்குப் பாருங்கள். அதை மட்டுமே எண்ணி வேலை செய்யத் தொடங்கினால், எண்ணிக்கைக்காகத் தரத்தை விடும் நாள் வரும். 1999இல் டெசி குழுவினர் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரும்பிச் செய்யும் வேலைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்த பணமோ பொருளோ அந்த விருப்பத்தைக் குறைப்பதும், உண்மையான பாராட்டு அதை வளர்ப்பதும் தெரிந்தது. எனவே பாராட்டை அளவோடும் உண்மையோடும் சக ஊழியர்களுக்குக் கொடுங்கள். எதற்காகப் பாராட்டுகிறீர்கள் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

படி 9: இருப்பதா, போவதா?

மேலே சொன்னவற்றில் உங்களுக்கு வேண்டியதை மூன்று மாதமாவது செய்து பாருங்கள். பிறகு நோட்டைத் திறந்து கேளுங்கள்: எனக்கு ஒத்துவராதது இந்தத் தொழிலா, இந்த இடமா, இந்த ஓர் ஆளா? ஆள் என்றால் பிரிவு மாற்றம் கேளுங்கள். இடம் என்றால் இதே தொழிலில் வேறு நிறுவனம் தேடுங்கள். தொழில் என்றால், அடுத்தது எது என்று தெரியும்வரை சேமித்துக்கொண்டே இருங்கள். உடல்நலமோ மரியாதையோ குலையும் இடமாக இருந்தால் மூன்று மாதக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே வெளியேறுங்கள்.

குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டே வேலைக்கு வருகிறவர்கள் எங்கள் ஆலையிலும் பலர். அவர்களைத் தடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்து மூன்று ஆண்டு ஓடிவிடுகிறது. எத்தனை முறை எழுதுவேன், எந்த ஆண்டோடு நிறுத்துவேன் என்று நோட்டில் எழுதிவைத்த ஒரு பையன் அதன்பின் இரண்டையும் தெளிவாகச் செய்தான். இரண்டும் அவன் முடிவு என்று ஆனபோது, ஆலைக்கு வரும் நாள்களிலும் முகம் தெளிந்திருந்தது.

போவது என்று முடிவெடுத்தால் சொல்லிவிட்டுப் போங்கள். சம்பளம் வந்த மறுநாள் செல்போனை அணைத்துவிட்டு மறைந்துபோகிற வழக்கம் நிறைய இருக்கிறது. அதனால் இழப்பவர் நீங்கள்தான். பணி ஆணையில் உள்ள நோட்டீஸ் காலத்தைப் பார்த்து எழுத்தில் கொடுங்கள். பணி விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். பி.எஃப். பணத்தை உருவிவிடாமல், நிறுவனம் மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான அதே யு.ஏ.என்.-இல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி நாளன்று உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணனிடம் போய், அடுத்து உங்கள் இடத்துக்கு வரப்போகிறவருக்காக நீங்கள் எழுதிவைத்த குறிப்புத் தாளைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.